கோணல் எழுத்து பிறந்த கதை

ஸ்கேனர் வாங்கினால் கூடவே ஒரு கையேடு வரும். யாரும் படிப்பதில்லை, அட்டைப் பெட்டியோடு பரணுக்குப் போய்விடும். 1997-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் சிலர் அப்படி ஒரு கையேட்டை உட்கார்ந்து படித்தார்கள். பிரதர் கம்பெனி ஸ்கேனருடையது. அச்சடித்த தாளில் உள்ள எழுத்தைக் கணினி பிழையில்லாமல் அடையாளம் காண என்ன செய்யலாம் என்று அதில் சில யோசனைகள் இருந்தன. எழுத்துரு ஒரே மாதிரி இருந்தால் நல்லது, பின்னணி வெறுமையாக இருந்தால் நல்லது என்கிற ரீதியில். படித்தவர்கள் எல்லாவற்றையும் நேர்மாறாகச் செய்தார்கள். எழுத்துருக்களைக் கலந்தார்கள், பின்னணியைக் குழப்பினார்கள். கணினி எங்கே தடுக்கி விழும் என்று ஸ்கேனர் தயாரித்தவர்களே எழுதிக் கொடுத்திருக்கும்போது தனியாக ஓர் ஆராய்ச்சி எதற்கு?

அவர்கள் அல்டாவிஸ்டாவுக்காக வேலை பார்த்தவர்கள். கூகுள் தலையெடுப்பதற்கு முன்னால் இணையத்தில் தேடுவது என்றால் பெரும்பாலும் அல்டாவிஸ்டாதான். அதில் யார் வேண்டுமானாலும் தங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து ‘இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கலாம். நல்லெண்ணத்தோடு திறந்து வைத்த வாசல். சிலர் இதற்கென்றே நிரல் எழுதி, ராத்திரி பகலாக முகவரிகளைக் கொட்ட ஆரம்பித்தார்கள். எதைத் தேடினாலும் தங்கள் சரக்கு மேலே வர வேண்டும் என்பது கணக்கு. ஆந்திரே புரோடரும் அவருடைய சகாக்களும் வாசலை மூடவில்லை. கோணலாக எழுதிய ஒரு சொல்லைக் காட்டி, ‘இதைப் படித்துத் தட்டச்சு செய்துவிட்டு உள்ளே வாருங்கள்’ என்றார்கள். அந்த வழியாக வந்த குப்பை 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்று புரோடர் பின்னால் சொன்னார்.

1998-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள், 2001-இல் கிடைத்தது. அதில் உள்ள நான்கு பெயர்களில் ஒன்று கிருஷ்ண பரத். சென்னை ஐஐடியில் படித்தவர், பிற்பாடு கூகுள் நியூஸை உருவாக்கியவர். இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு குழு ‘நாங்கள்தான் முதல்’ என்கிறது. கண்டுபிடிப்பு என்று இருந்தால் இப்படி ஒரு பங்காளிச் சண்டையும் கூடவே இருக்கும், விட்டுவிடலாம்.

யோசனை மட்டும் இதற்கும் முந்தையது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்துப் பேராசிரியர் மோனி நாவோர் 1996-இல் ஒரு சிறு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டார். எதிரே இருப்பது மனிதரா, நிரலா என்று கணினியே சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மனிதருக்குச் சுலபமாகவும் கணினிக்குக் கடினமாகவும் இருக்கிற வேலைகளைக் கொடுக்கலாம் என்றார். முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது, கிறுக்கலான கையெழுத்தைப் படிப்பது மாதிரி. ஆலன் டூரிங் 1950-இல் சொன்ன சோதனையில் தீர்ப்புச் சொல்பவர் மனிதர். இங்கே தீர்ப்புச் சொல்வது இயந்திரம். அதிலும் வேடிக்கை, தான் வைக்கிற பரீட்சையில் தானே தேற முடியாத வாத்தியார் இது. விடையை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு, அதைக் கோணல்மாணலாக வரைந்து காட்டுகிறது. தான் வரைந்ததைத் திருப்பிப் படிக்கச் சொன்னால் அதற்கே தெரியாது.

நாவோரின் குறிப்பு பத்திரிகையில் வெளிவரவில்லை. ஆனால் தேவை நாலா பக்கமும் முளைத்துக்கொண்டிருந்தது. 1999 நவம்பரில் ஸ்லாஷ்டாட் தளம், கணினி அறிவியல் மேற்படிப்புக்கு அமெரிக்காவிலேயே எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது என்று வாக்கெடுப்பு நடத்தியது. கார்னகி மெல்லன் மாணவர்கள் தங்கள் கல்லூரிக்குத் தானே வாக்களிக்கும் நிரலை எழுதிவிட்டார்கள். எம்ஐடி மாணவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் எழுதினார்கள். முடிவில் எம்ஐடிக்கு 21,156 வாக்கு, கார்னகி மெல்லனுக்கு 21,032. மற்ற எந்தக் கல்லூரியும் ஆயிரத்தைத் தொடவில்லை. நம் ஊரில் கள்ள ஓட்டுக்கு விரலில் மை வைக்கிறோம். இணையத்தில் விரலுக்கு எங்கே போவது?

இந்தக் கார்னகி மெல்லனுக்குத்தான் 2000-இல் யாகூவின் தலைமை விஞ்ஞானி ஊடி மன்பர் வந்து, தங்களால் தீர்க்க முடியாத சிக்கல்களை அடுக்கினார். அதில் ஒன்று, யாகூவின் அரட்டை அறைகள். ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் நிரல்கள் மனிதப் பெயரில் நுழைந்து விளம்பரத்தைப் போட்டுவிட்டுப் போயின. இலவச மின்னஞ்சல் கணக்குகளையும் ஆயிரக்கணக்கில் திறந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் குவாத்தமாலாவிலிருந்து படிக்க வந்திருந்த லூயிஸ் வான் ஆன். முனைவர் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். அவருடைய வழிகாட்டி, டூரிங் விருது வாங்கிய மனுவேல் புளும். நிக்கோலஸ் ஹாப்பர், ஜான் லாங்ஃபோர்டு ஆகியோரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் செய்த முதல் சோதனையின் பெயர் கிம்ப்பி. ஏழு ஆங்கிலச் சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துக் காட்டும், மூன்றையாவது சரியாக எழுத வேண்டும். சாதாரண ஆட்களுக்கு அது அதிகம் என்று பட்டதாலோ என்னவோ, யாகூ எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லைக் காட்டும் எளிய வடிவத்தை. கேப்ட்சா என்று பெயர் சூட்டியதும் இவர்கள்தான். கணினியையும் மனிதரையும் பிரித்தறிய முழுக்கத் தானாக இயங்கும், ஒளிவுமறைவில்லாத டூரிங் சோதனை என்பதன் சுருக்கம் அது.

இதில் ‘ஒளிவுமறைவில்லாத’ என்கிற நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. சோதனை எப்படி இயங்குகிறது என்பதை ஊருக்கே சொல்லிவிட வேண்டும். தெரிந்த பிறகும் உடைக்க முடியவில்லை என்றால் வாசல் காப்பாற்றப்படுகிறது. யாராவது உடைத்துவிட்டால், கணினிக்கு அதுவரை தெரியாத ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், அறிவியலுக்கு லாபம். தோற்றாலும் ஜெயிக்கிற மாதிரி ஒரு பந்தயம். உடைப்பும் சீக்கிரமே நடந்தது. பெர்க்லியில் கிரெக் மோரியும், கான்பூர் ஐஐடியில் படித்த ஜிதேந்திர மாலிக்கும் சேர்ந்து, எளிய வடிவத்தை 92 சதவீதமும் ஏழு சொல் கிம்ப்பியை 33 சதவீதமும் சரியாகப் படிக்கிற நிரலை 2003-இல் வெளியிட்டார்கள்.

33 சதவீதம்தானே என்று தோன்றும். இங்கேதான் கேப்ட்சாவின் மொத்தப் பலவீனமும் இருக்கிறது. மூன்று தடவையில் இரண்டு தடவை ‘தவறு, மறுபடி முயலுங்கள்’ என்று வந்தால் மனிதர் அலுத்துப்போய் வேறு ஜோலியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். நிரலுக்கு அலுப்பு கிடையாது. நூற்றுக்கு ஒன்று தேறினாலே அதற்குப் போதும், மிச்சம் தொண்ணூற்று ஒன்பதை அது அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தை இன்னும் கோணலாக்கினால் முதலில் கழன்றுகொள்வது மனிதர்கள்தான். அதிலும் பார்வையற்றவர்களுக்கு இந்த வாசல் முதல் நாளிலிருந்தே சுவர். அவர்களுக்கென்று பிற்பாடு ஒலிவடிவம் வந்தது, இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்லும். காது நன்றாகக் கேட்கிறவர்களே அதில் திணறுவார்கள்.

ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்கோ நிரல் எழுதிச் சிரமப்பட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மனிதர் படிக்க வேண்டும் என்றால் மனிதரையே கூலிக்கு வைத்துவிட்டால் தீர்ந்தது. நியூயார்க் டைம்ஸ் 2010-இல் எழுதிய கணக்குப்படி, இந்தியா, வங்கதேசம், சீனா ஆகிய நாடுகளில் ஆயிரம் கேப்ட்சாவைப் படித்துக் கொடுத்தால் 80 சென்ட் முதல் 1.20 டாலர் வரை கிடைத்தது. அன்றைய மதிப்பில் 40, 50 ரூபாய். ஒன்றுக்குப் பத்து வினாடி என்று வைத்தாலும் ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அதே ஆண்டு, சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்தக் கூலிச் சந்தையை ஆராய்ந்தார்கள். திரைக்குப் பின்னால் இருக்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதனால் பல மொழிகளில் கேப்ட்சா எழுதி அனுப்பி, எதெதற்குச் சரியான விடை வருகிறது என்று பார்த்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. ஸ்டார் டிரெக் கதைக்காக இட்டுக்கட்டிய கிளிங்கான் மொழியும் உண்டு.

மனிதரையும் இயந்திரத்தையும் பிரிக்கப் பிறந்த சோதனை, கடைசியில் பிரித்தது எதை? ஆயிரத்துக்கு ஒரு டாலர் கொடுத்தால் கட்டுப்படியாகும் ஸ்பேமையும் கட்டுப்படியாகாத ஸ்பேமையும். அந்த அளவுக்கு அது உபயோகம்தான். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தது நம் தப்பு.

வான் ஆனை உறுத்தியது வேறு கணக்கு. உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 20 கோடி கேப்ட்சா, ஒவ்வொன்றுக்கும் பத்து வினாடி. தினமும் 5 லட்சம் மணி நேரத்தைத் தன் கண்டுபிடிப்பு விழுங்குகிறது என்று அவரே பேச்சுகளில் சொல்லியிருக்கிறார். 2007-இல் ரீகேப்ட்சா வந்தது. ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டு. ஒன்றுக்கு விடை தெரியும், அது பரீட்சை. இன்னொன்று, பழைய புத்தகத்தையோ பத்திரிகையையோ ஸ்கேன் செய்தபோது கணினியால் படிக்க முடியாமல் போன சொல். தெரிந்த சொல்லைச் சரியாக எழுதியவர் தெரியாததையும் சரியாகத்தான் எழுதியிருப்பார் என்று வைத்துக்கொண்டு, பல பேர் எழுதியதை ஒப்பிட்டு முடிவு கட்டினார்கள். நியூயார்க் டைம்ஸின் பழைய இதழ்கள் இப்படித்தான் கணினி எழுத்தாக மாறின. முதல் ஓர் ஆண்டில் 44 கோடிச் சொற்கள், 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்று 2008-இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. சம்பளமில்லாத பிழை திருத்துநர்கள் நாம் எல்லோரும்.

2009-இல் கூகுள் இதை வாங்கியது. பழைய புத்தகச் சொற்கள் போய் வீட்டுக் கதவு எண்கள் வந்தன, பிறகு படங்கள். ‘தீயணைப்புக் குழாய் உள்ள சதுரங்களைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற கட்டளையை மதுரையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? நடைபாதை ஓரத்தில் குட்டையாக, சிவப்பாக நிற்கும் அந்தச் சாமான் நம் தெருக்களில் கிடையாது. அமெரிக்கத் தெருவை அடையாளம் தெரிந்தால்தான் நீங்கள் மனிதர். 2014-இல் கூகுளே, மிகக் கடினமான கோணல் எழுத்தைத் தன் நிரல் 99.8 சதவீதம் படித்துவிடுகிறது என்று ஒப்புக்கொண்டு, அந்த டிசம்பரில் ‘நான் ரோபோ அல்ல’ என்கிற ஒற்றைக் கட்டத்தைக் கொண்டுவந்தது. டிக் அடிப்பது சும்மா பேருக்கு. அடிக்கிறவர் எப்படி நடந்துகொள்கிறார், உலாவியில் ஏற்கெனவே என்னென்ன தடயம் இருக்கிறது என்று பார்த்துத்தான் மதிப்பெண். 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பில் டிக்கும் இல்லை. சத்தமில்லாமல் கவனித்துக்கொண்டே இருக்கும். கேள்வி கேட்கிற காவல்காரனை நான் பொறுத்துக்கொள்வேன், பின்தொடர்கிறவனை அல்ல. படச் சோதனையும் 2024-இல் விழுந்தது. சூரிச்சின் ஈடிஹெச் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நிரல் நூற்றுக்கு நூறு தேறுகிறது என்று காட்டிவிட்டார்கள்.

பெரிய நிறுவனங்கள் இப்படி ஆடிக்கொண்டிருக்க, நூறு இருநூறு பேர் கூடிப் பேசும் சிறிய குழுக்கள் வேறு வழியைக் கண்டுபிடித்திருந்தன. சேர வருகிறவரிடம் சொந்தமாக ஒரு கேள்வி. பறவை பார்ப்பவர்கள் குழு என்றால் ‘எங்கள் சின்னத்தில் உள்ள பறவை எது?’ பழைய சினிமாப் பாட்டுக் குழு என்றால் மெல்லிசை மன்னர் யார் என்று. கோணல் எழுத்தும் வேண்டாம், படமும் வேண்டாம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இப்படிக் கேள்விகளை நிர்வாகியே எழுதிப் போட ஒரு வசதி உண்டு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சிரிப்பு வரும், ஒரு வரி நிரலில் உடைத்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை எழுத யாராவது ஓர் ஆள் அந்தப் பக்கத்தைத் திறந்து, படித்து, யோசிக்க வேண்டும். இருநூறு பேருக்கு மாத்திரை விளம்பரம் போட அவ்வளவு மெனக்கெடுகிறவர் யாரும் இல்லை. லட்சம் வாசலுக்கு ஒரே பூட்டு என்றால் ஒரு கள்ளச்சாவியில் லட்சமும் திறக்கும். இங்கே வாசலுக்கு வாசல் பூட்டு வேறு. பாலோ ஆல்டோ ஆட்கள் கையேட்டை வைத்துச் செய்த சாமர்த்தியத்தைவிட இது ஒரு மாற்று கூடுதல் என்பேன்.

அதுவும் எத்தனை நாளைக்கு? மெல்லிசை மன்னர் யார் என்று இப்போது எந்த அரட்டை நிரலைக் கேட்டாலும் விஸ்வநாதனையும் சொல்லும், ராமமூர்த்தியையும் சொல்லும். பதிலுக்குச் சிலர் மோனி நாவோரிடமே திரும்பியிருக்கிறார்கள், 1996-இன் நாவோரிடம் அல்ல, 1992-இன் நாவோரிடம். அந்த ஆண்டு அவரும் சிந்தியா டுவொர்க்கும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடிதம் அனுப்புகிற கணினி ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். ஒருவருக்கு அனுப்பினால் பாரம் தெரியாது, பத்து லட்சம் பேருக்கு அனுப்பினால் தெரியும். மனிதரா, நிரலா என்ற ஆராய்ச்சியே கிடையாது. 2025-இல் அனூபிஸ் என்ற இலவச மென்பொருள் இதே உத்தியோடு வந்தது. இணையத்தை அள்ளிக்கொண்டு போகும் செயற்கை நுண்ணறிவு நிரல்களைத் தடுக்க ஒரு தனிமனிதர் எழுதியது. க்னோம் போன்ற திறந்த மூல மென்பொருள் திட்டங்கள் அதைத் தங்கள் தளங்களில் வைத்தன. பக்கத்தைத் திறந்தால் ஜப்பானியக் கார்ட்டூன் பாணியில் ஒரு பெண் வந்து நிற்பாள், பின்னால் உங்கள் கணினி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். புது லேப்டாப் என்றால் அவள் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் வாசல் திறந்துவிடும். ஏழெட்டு வருஷத்துப் பழைய போன் வைத்திருப்பவர்தான் அவளை நன்றாகப் பார்த்து முடிப்பார்.