கேரம் பலகை

கேரம் பலகை (பேச்சு வழக்கில் கேரம் போர்டு, இலங்கையில் கரம் பலகை) என்பது கேரம் அல்லது சுண்டாட்டம் எனப்படும் விளையாட்டை ஆடப் பயன்படும் சதுர வடிவ மரப்பலகை ஆகும். இதன் நான்கு மூலைகளிலும் குழிகளும், நான்கு பக்கங்களிலும் மரச்சட்டமும் உண்டு. ஒன்பது வெள்ளைக் காய்கள், ஒன்பது கறுப்புக் காய்கள், ஒரு சிவப்புக் காய் என 19 காய்கள் பலகையின் நடுவில் அடுக்கப்படும். ஸ்ட்ரைக்கர் என்னும் சற்றுப் பெரிய வட்டை விரலால் சுண்டி, காய்களைக் குழிகளில் விழச்செய்வதே ஆட்டம்.

பில்லியர்ட்ஸ், பூல், சுனூக்கர் ஆகிய மேசை விளையாட்டுகளை ஒத்த இவ்விளையாட்டு, தமிழ்நாட்டில் வீடுகளிலும் தெருவோரங்களிலும் மன்றங்களிலும் பரவலாக ஆடப்படுகிறது. பலகை சமதளமாகவும் உலர்ந்தும் இருந்தால்தான் ஆட்டக்காரரின் திறமை ஆட்டத்தில் வெளிப்படும். ஆகவே பலகையைத் தேர்வு செய்வதும் பேணுவதும் விளையாட்டின் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றன.

அமைப்பு

ஆடுதளம் ஒட்டுப்பலகையால் (பிளைவுட்) ஆனது. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது இழையின் குறுக்கே அதிகமாகவும், இழையின் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் விரிவடையும். ஒட்டுப்பலகையில் மெல்லிய மரத்தாள்கள் ஒன்றன் இழை மற்றொன்றின் இழைக்குச் செங்குத்தாக அமையுமாறு ஒட்டப்படுவதால், ஒரு தாளின் விரிவை அடுத்த தாள் தடுக்கிறது. ஒரே மரத்துண்டை விட ஒட்டுப்பலகை வளையாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆடுதளத்தின் அடியில் குறுக்குச் சட்டங்கள் பொருத்தப்பட்டிருக்கும். இவை பலகையின் நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் தாங்குகின்றன. சுற்றுச்சட்டம் கடினமான மரத்தால் செய்யப்படும். காய்களும் ஸ்ட்ரைக்கரும் மோதித் திரும்ப வேண்டியிருப்பதால், சட்டத்தின் கடினத்தன்மை ஆட்டத்தின் வேகத்தை நேரடியாகப் பாதிக்கிறது.

அளவுகள்

போட்டி விதிகளின்படி முக்கிய அளவுகள் பின்வருமாறு:

- ஆடுதளத்தின் பக்கம்: 73.5 முதல் 74 செ.மீ.
- ஆடுதளத்தின் தடிமன்: 8 மி.மீ.க்குக் குறையாதது
- சட்டத்தின் உயரம் (ஆடுதளத்திலிருந்து): 1.90 முதல் 2.54 செ.மீ.
- குழியின் விட்டம்: 4.45 செ.மீ.
- அடிக்கோட்டின் நீளம்: 47 செ.மீ.
- காயின் விட்டம்: 3.02 முதல் 3.18 செ.மீ.
- காயின் எடை: 5 முதல் 5.5 கிராம்
- ஸ்ட்ரைக்கர்: விட்டம் 4.13 செ.மீ.க்கும், எடை 15 கிராமுக்கும் மிகாதது
- தாங்கியின் உயரம்: 63 முதல் 70 செ.மீ.

தந்தத்தாலோ உலோகத்தாலோ செய்த ஸ்ட்ரைக்கரைப் போட்டிகளில் பயன்படுத்த அனுமதி இல்லை.

பில்லியர்ட்ஸ் மேசையுடன் ஒப்பீடு

சுனூக்கர் விளையாட்டு 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் பிரித்தானிய இராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லினால் உருவாக்கப்பட்டது எனவும், அதன் விதிகள் 1882ஆம் ஆண்டில் உதகமண்டலம் கிளப்பில் எழுதி வைக்கப்பட்டன எனவும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. இவ்வகை மேசைகளின் ஆடுதளம் கற்பலகையால் ஆனது. அதன் மேல் கம்பளித் துணி இழுத்துக் கட்டப்படும். ஓரங்களில் ரப்பர் மெத்தை அமைக்கப்படும். முழு அளவு சுனூக்கர் மேசையின் ஆடுதளம் ஏறத்தாழ 3.57 மீட்டர் நீளமும் 1.78 மீட்டர் அகலமும் கொண்டது. போட்டிகளுக்கான 9 அடி பூல் மேசையின் ஆடுதளம் 2.54 மீட்டர் நீளமும் 1.27 மீட்டர் அகலமும் உடையது.

கற்பலகை காற்றின் ஈரத்தால் வளைவதில்லை. ஆனால் அது மிகுந்த எடையுடையது. கோல் வீசுவதற்கு மேசையைச் சுற்றிலும் இடம் வேண்டும். கேரம் பலகையைச் சிறிய அறையிலும் வைத்து ஆடலாம். ஆட்டம் முடிந்ததும் சுவரோரம் நிறுத்தலாம். மரத்தால் ஆனமையால் இது விலை குறைந்தது. அதே காரணத்தால் ஈரத்துக்கு எளிதில் இலக்காகக்கூடியதும் ஆகும்.

தேர்வு செய்தல்

கடைகளில் பெரும்பாலும் சட்டத்தையும் சேர்த்த வெளி அளவே கூறப்படும். எனவே போட்டிக்குப் பயிற்சி பெறுவோர் உள் அளவை அளந்து பார்த்தல் வேண்டும். சிறுவர்களுக்கான சிறு பலகைகளில் பழகியவர், முழு அளவுப் பலகையில் தூரத்தையும் விசையையும் மீண்டும் கற்க நேரிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. சமதளம்: நீண்ட எஃகு அளவுகோலை விளிம்பு கீழாக நிறுத்தி, இரு மூலைவிட்டங்களிலும் வைத்துப் பார்க்கலாம். பின்புறம் விளக்கைக் காட்டும்போது அளவுகோலின் அடியில் ஒளி கசிந்தால், அவ்விடம் பள்ளமாக உள்ளது எனலாம்.
2. எதிர்விசை: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு விசையுடன் எதிர்ச் சட்டத்தை நோக்கி அடித்தால், அது சட்டங்களில் மோதித் திரும்பி, குறைந்தது மூன்றரை முறை பலகையைக் கடக்க வேண்டும். போட்டிப் பலகைகளுக்கு இச்சோதனையே அளவுகோல்.
3. மூலை இணைப்பு: சட்டங்கள் சேரும் இடத்தில் இடைவெளி இருத்தல் கூடாது.
4. அடிப்புறம்: குறுக்குச் சட்டங்கள் அசையாமல் இருக்க வேண்டும். பல பலகைகளில் மேற்பரப்புக்கு மட்டும் மெருகு பூசி, அடிப்புறத்தை அப்படியே விட்டுவிடுவதுண்டு. ஈரம் பூசப்படாத பக்கம் வழியாக உட்புகுந்து, ஒரு பக்கத்தை மட்டும் விரியச்செய்வதால் பலகை வளைகிறது. இத்தகைய பலகையை வாங்கினால் அடிப்புறத்துக்கும் வார்னிஷ் பூசுவது நல்லது.

மேற்பரப்பின் பளபளப்பு, சட்டத்தின் நிறம், அச்சிட்ட அலங்காரங்கள் ஆகியவை தரத்தைக் காட்டுவன அல்ல.

நிறுத்தும் முறை

பலகை கிடைமட்டமாக இருத்தல் அவசியம். கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துச் சரிபார்க்கலாம். அது இல்லாதபோது கோலிக்குண்டு ஒன்றை நடுவில் வைத்து, அது உருளும் திசையைக் கொண்டு சாய்வை அறியலாம். சாய்வைப் பலகையின் கீழ் அல்லாமல், தாங்கியின் கால்களின் கீழ் அட்டை வைத்துச் சரிசெய்தல் வேண்டும். விளக்கு பலகையின் நடுவுக்கு நேர் மேலே, மறைப்புக் கூண்டுடன் அமைந்தால் நிழலும் கண்கூச்சமும் குறையும்.

பவுடர்

காய்களுக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வைக் குறைக்கப் பவுடர் தூவப்படுகிறது. இந்தியாவில் இதற்குப் பெரும்பாலும் போரிக் அமிலத் தூள் பயன்படுகிறது. போரிக் அமிலத்தின் படிகங்கள் அடுக்கடுக்கான அமைப்புடையவை. கிராஃபைட்டைப் போல ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மேல் எளிதில் வழுக்குகிறது. வெளிநாடுகளில் உருளைக்கிழங்கு மாவுப்பொடியைப் பயன்படுத்துவோரும் உளர்.

போரிக் அமிலம் உட்கொள்ளத்தக்கதன்று. சிறுவர் விழுங்கினால் நஞ்சாகும். கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாகும். ஐரோப்பிய ஒன்றியம் இதனை இனப்பெருக்க நலத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய பொருள்களின் வகையில் சேர்த்துள்ளது. எனவே ஆடிக்கொண்டே தின்பண்டம் உண்பதைத் தவிர்த்தல், ஆட்டத்துக்குப் பின் கைகளைச் சோப்பு இட்டுக் கழுவுதல், பலகையின் மேலுள்ள தூளை வாயால் ஊதாதிருத்தல், டப்பாவைச் சிறுவர்க்கு எட்டாத இடத்தில் வைத்தல் ஆகியவை இன்றியமையாதன. சிறிதளவு தூளே போதுமானது.

பராமரிப்பு

ஆட்டம் முடிந்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் பலகையைத் துடைத்தல் வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் பவுடர் பசைபோல் ஒட்டிக்கொள்வதுடன், கோடுகளும் மெருகும் கெடும். காய்களையும் நீரில் கழுவுதல் கூடாது. மரக்காய்கள் வீங்கி வடிவம் மாறும்.

பலகையை நனையவிட்டு, பின் வெயிலில் காய வைப்பது பரவலாகக் காணப்படும் தவறு ஆகும். வெயில் படும் பக்கம் விரைந்து உலர்ந்து சுருங்குவதால் பலகை குழிகிறது; பசை விட்டு அடுக்குகளும் பிரியக்கூடும். நனைந்த பலகையைத் துடைத்து, இருபுறமும் காற்றுப் படும்படி நிழலில் நிறுத்தி, மெல்ல உலரவிட வேண்டும்.

பயன்படுத்தாத காலத்தில் பலகையைச் செங்குத்தாக நிறுத்தலாம். நீண்ட நாள் சாய்த்து வைத்தால் தன் எடையாலேயே வளையக்கூடும். அதன் மேல் பொருள்களை அடுக்குவதும், அதைச் சாப்பாட்டுப் பலகையாகப் பயன்படுத்துவதும் நல்லதல்ல.

சேமிக்கும் இடத்தைப் பருவநிலைக்கேற்பத் தேர்வு செய்தல் வேண்டும். சான்றாக, அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டியுள்ள திருமானூர்ப் பகுதியில் கோடை வறண்டும், அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக்காலம் ஈரமாகவும் இருக்கும். கோடையில் குறையின்றித் தோன்றிய பலகை ஐப்பசி, கார்த்திகையில் வீங்கக்கூடும். மழைச்சாரல் படும் புறச்சுவரில் சாய்த்து வைக்காமல், உட்சுவரை ஒட்டி, தரையில் படாதவாறு மரக்கட்டைகளின் மேல் வைப்பது நலம். இது தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும் கரையானையும் தடுக்கும். சட்டத்திலிருந்து மரத்தூள் உதிர்ந்தால் அது உளுத்துவருகிறது என அறிந்து, உடனே மருந்திடுதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் கேரம்

பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இல் தில்லியிலும் 1995இல் கொழும்பிலும் உலகப் பட்டம் வென்றார். அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் மகளிர் உலகப் பட்டம் பெற்றார். வடசென்னையைச் சேர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். இவர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் ஆவார். தனி மைதானமோ விலையுயர்ந்த கருவிகளோ இல்லாமல் பயிலக்கூடிய இவ்விளையாட்டில், எளிய குடும்பத்தினரும் உலகத் தரத்தை எட்ட முடிந்துள்ளது. நன்கு பேணப்பட்ட ஒரு பலகை பல ஆண்டுகள் பலருக்குப் பயன்படும்.

இவற்றையும் பார்க்க

- கேரம்
- பில்லியர்ட்ஸ்
- சுனூக்கர்
- ஒட்டுப்பலகை
- போரிக் அமிலம்