பூச்சட்டியிலும் நிற்கும், பொரியாகவும் பொரியும்: கீரை விதையின் கதை

தோட்டப்புற லயங்களின் பின்பக்கம் பாத்தி கட்டி வளர்த்த தண்டுக்கீரை, பாசாரில் கட்டுக் கட்டாக விற்கும் சிவப்புக் கீரை, கால்வாய் ஓரத்தில் தானாக முளைக்கும் முள்ளுக்கீரை ஆகிய மூன்றும் 'அமராந்தஸ்' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மலாயில் பொதுவாகப் 'பாயாம்' என்பார்கள். இதே பேரினத்தில் இலைக்காக அல்லாமல் விதைக்காகவே பயிரிடப்படும் வகைகளும் உண்டு.

அமராந்த் என்ற பெயர் 'வாடாதது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் இதே குடும்பத்துச் செடிகள்தாம் என்பதால், பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

அழகுச் செடிக்கும் உணவுப் பயிருக்கும் இங்கே வேலி கிடையாது. செந்நிறப் பூங்கொத்துகள் சடை சடையாகத் தரையை நோக்கித் தொங்கும் 'அமராந்தஸ் காடேட்டஸ்' ஐரோப்பியத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படுகிறது. பெரு நாட்டு மலைவாசிகளுக்கோ அது 'கிவிச்சா' என்னும் தானியம். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்த இலைகளோடு பூச்சட்டியில் நிற்கும் 'அமராந்தஸ் டிரைகலர்', பாசார் சிவப்புக் கீரையின் இனமேதான்.

மெக்சிகோவின் அஸ்டெக் மக்களுக்கு இது சோளத்தோடு சேர்ந்த முக்கிய உணவு. பேரரசருக்குக் கட்டும் திறையிலும் இது இடம்பெற்றது. அரைத்த மாவைப் பிசைந்து தெய்வ உருவங்கள் செய்து, வழிபாடு முடிந்ததும் பகிர்ந்து உண்டார்கள். 1521-இல் ஸ்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின், பாதிரிமார்களுக்கு இந்தச் சடங்கு தங்கள் நற்கருணையைக் கேலி செய்வதாகப் பட்டது. சடங்கு ஒடுக்கப்பட்டது, பயிரும் சுருங்கியது. ஆனாலும் சிற்றூர் உழவர்கள் விதையைக் கைவிடவில்லை. பொரித்த விதையைப் பாகில் பிடித்த 'அலெக்ரியா' மிட்டாய் இன்றும் மெக்சிகோ தெருக்களில் விற்கிறது. 1975-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம், போதிய அளவு பயன்படுத்தப்படாத பயிர்களின் பட்டியலில் இதைச் சேர்த்த பிறகு உலகின் பார்வை மீண்டும் திரும்பியது.

வட இந்தியர்கள் இதை 'ராஜ்கிரா' என்பார்கள். விரத நாட்களில் அரிசி, கோதுமைக்குப் பதிலாக லட்டும் ரொட்டியும் செய்வார்கள். நன்கு காய்ந்த சட்டியில், எண்ணெய் விடாமல், ஒரு கரண்டி விதையைப் போட்டு மூடினால் சில விநாடிகளில் பொரிந்துவிடும். ஒரேயடியாகக் கொட்டினால் பாதி கருகிப்போகும்.

100 கிராம் விதையில் ஏறக்குறைய 13 முதல் 14 கிராம் வரை புரதம் உள்ளது. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக இருக்கும் லைசின் இதில் அதிகம். குளூட்டன் இல்லை. அதற்காக இதை இனிப்புநீர் நோயாளிகளுக்கான மருந்தாக எண்ணிவிடக்கூடாது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். சோற்றைப்போல் இதற்கும் அளவு வேண்டும். இலையில் ஆக்சலேட் மிகுதி என்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விதைக்கடையில் வாங்கும் கீரை விதையைப் பொரித்துத் தின்னக்கூடாது. அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கலாம். கீரை வகைகளின் விதை பெரும்பாலும் கறுப்பு, தானிய வகைகளின் விதை வெளிர் நிறம். கீரை நம் மண்ணில் நாலைந்து வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். தானியக் கதிர் முற்றுவதற்கோ வறண்ட வெயில் தேவை. அடிக்கடி மழை பெய்யும் இடத்தில் கதிர் பூஞ்சை பிடித்துவிடும்.