வரி யார் மடியில்?

ஓர் அரசின் நீதியை அறிய விரும்புவோர், அதன் கஜானா யாருடைய மடியிலிருந்து நிரம்புகிறது என்று பார்த்தாலே போதும்.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டுக்குப் பல ஆண்டுகளில் வருமானத்தின் ஏறத்தாழப் பாதியை ஈட்டித் தந்தது அபினே. ரிக்‌ஷா இழுத்தும் மூட்டை சுமந்தும் இளைத்த சீனத் தொழிலாளியின் கூலியே புகையாகிச் சர்க்கார் பணமாயிற்று. நம் தமிழனோ கள்ளுக்கடை வாயிலாகக் கப்பம் கட்டினான். இலாபம் குவித்த வணிகப் பிரபுக்களுக்கு, யுத்தகால வரிகள் நீங்கலாக, வருமான வரியே இல்லை!

1946-இல் சமூகநல இலாகா தோன்றிற்று. வணிகரின் எதிர்ப்பையும் மீறி 1947-இல் இயற்றப்பட்ட வருமான வரிச் சட்டம் 1948 ஜனவரி 1-இல் அமுலுக்கு வந்தது. 1955-இல் மத்திய சேமநிதி, தொழிலாளியின் முதுமைக்கு முதலாளியையும் பங்களிக்கச் செய்தது. சுமை, தாங்க வல்லார் தோளுக்கு மாறலாயிற்று.

1994-இல் 3 விழுக்காடாகத் தொடங்கிய பொருள் சேவை வரி 2024-இல் 9 ஆயிற்று. அதன் பளுவைத் தணிக்க எளிய குடிமக்களுக்குப் பற்றுச்சீட்டுகள் உண்டு, நன்றே. ஆயின், ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் பொருள் வாங்கும் அயல்நாட்டுத் தொழிலாளி வரி மட்டும் செலுத்துகிறான், பற்றுச்சீட்டு அவனுக்கில்லை.

தோழர்களே! செலுத்துவோன் யார், பெறுவோன் யார் என்ற அபின் காலத்துக் கேள்வி தீர்ந்துவிட்டதா? சிந்திப்பீர்களாக.