கொய்யாவுக்கு மிளகாய்ப்பொடி, சோடாவுக்குப் பன்னீர்... திண்டுக்கல் சுவைகளில் இருந்து ஒரு புது ஃப்ளேவர்!

வீட்டிலிருந்தே ஜூஸ், ஜாம், சோடா என்று சின்னதாக ஒரு பிராண்ட் ஆரம்பிக்க நினைக்கும் பலரும் முதலில் கேட்கும் கேள்வி, 'புதுசா என்ன ஃப்ளேவர் போடலாம்?' போனில் தேடினால் ப்ளூபெர்ரியும் லாவெண்டரும் வரும். பார்க்க அழகுதான். ஆனால் கையிருப்பு சில ஆயிரம் ரூபாய் சேமிப்பு மட்டும் என்றால், முதல் பேட்ச் விற்காமல் தேங்கினாலே கதை முடிந்தது. அதனால், தெருவில் ஏற்கெனவே ஜெயித்த காம்பினேஷனில் இருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். அப்படிப் பார்த்தால் திண்டுக்கல் மாவட்டம் ஒரு பெரிய பாடப்புத்தகம்.

பழநிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயக்குடி, கொய்யாவுக்குப் பேர் போன ஊர். கொய்யாவைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தால் வேண்டாம் என்பவர்கள் குறைவு. உப்பு லேசான துவர்ப்பை அடக்கும், இனிப்பைத் தூக்கிக் காட்டும். காரம் அடுத்த கடிக்கு இழுக்கும். இதை அப்படியே பாட்டிலில் அடைத்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். துண்டில் காரம் மேலாக மட்டும் இருக்கும். ஜூஸில் ஒவ்வொரு மடக்கிலும் இருக்கும், போகப்போக ஏறும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால், குலுக்காமல் குடித்தால் ஒருவருக்குச் சப்பென்றும் இன்னொருவருக்குச் சுரீரென்றும் இருக்கும். அதனால் இந்த மாதிரி பானத்தை ஒரு ஸ்பூன் ருசித்து முடிவு பண்ணாதீங்க. முழு கிளாஸையும் குடித்துப் பாருங்க. கூடவே, குடிக்கப்போகும் குளிர்ச்சியிலேயே ருசிக்க வேண்டும். ஜில்லென்று ஆனதும் இனிப்பு மந்தமாகத் தெரியும்.

பாதி பழகியது, பாதி புதுசு

பன்னீர் சோடாவை யோசித்துப் பாருங்கள். சோடா எல்லோருக்கும் தெரியும், பன்னீர் வாசனை கல்யாண வீட்டிலேயே தெரியும். இரண்டும் ஒரே பாட்டிலில் சேர்ந்ததுதான் புதுசு. வாயில் வைக்கும்போது பயமில்லை, ஆனால் ஒரு சின்ன ஆச்சர்யம் இருக்கிறது. நிலக்கோட்டைப் பக்கம் ரோஜா விளைகிறது. எசென்ஸுக்குப் பதில் உண்மையான பன்னீரை முயற்சி செய்யலாம். ஒரே கண்டிஷன், கொதிக்கும் பாகில் ஊற்றினால் வாசனை ஆவியாகிவிடும். பாகு ஆறியபிறகு சேர்க்க வேண்டும்.

பிரியாணியிலும் இதே சங்கதிதான். 1957-ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்தான் பின்னாளில் தலப்பாக்கட்டி ஆனது. திண்டுக்கல் பிரியாணியைத் தனித்துக் காட்டுவது பொடிசான சீரகச் சம்பா அரிசி, மிளகுக் காரம், தயிரும் எலுமிச்சையும் தரும் புளிப்பு. மற்றதெல்லாம் பின்னணி இசைதான். புது புராடெக்ட்டிலும் தலைமைச் சுவை எது என்று முடிவு பண்ணாமல் ஆறு ஃப்ளேவரைக் கொட்டினால், குடிப்பவருக்கு எதுவுமே நினைவில் நிற்காது.

பஞ்சாமிர்தம் என்கிற மாஸ்டர் கிளாஸ்

என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்தின் ஆகச்சிறந்த ஃப்ளேவர் டிசைன் பழநி பஞ்சாமிர்தம்தான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. மலைவாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய். ஐந்தில் மூன்று இனிப்பு! திகட்ட வேண்டும், ஆனால் திகட்டுவதில்லை. விருப்பாச்சி வாழைப்பழத்தில் இருக்கும் மெல்லிய புளிப்பு இனிப்புக்குக் கடிவாளம் போடுகிறது. ஏலக்காய் மூக்குக்கு வேலை கொடுக்கிறது. நெய் நாக்கில் படர்ந்து அந்த வாசனையைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கிறது.

இன்னொரு விஷயம், இதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. சர்க்கரையும் தேனும் பழத்தின் ஈரத்தைக் கட்டிப்போடுவதால் கிருமிகள் பெருக வழியில்லை. ருசிக்காகச் சேர்த்ததே பாதுகாப்பும் தருகிறது. ஜூஸ் போடுகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது, தண்ணீர்தான் அங்கே பெரும்பங்கு. எனவே புளிப்பை அளந்து சேர்ப்பது, சரியான சூட்டில் பதப்படுத்துவது இரண்டையும் ஃப்ளேவரோடு சேர்த்தே திட்டமிட வேண்டும். இன்று பிரமாதமாக இருக்கும் ஜூஸ் நாற்பதாவது நாள் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் லேபிள் அடிக்கக் கொடுக்காதீர்கள்.

'ஒரே மாதிரி வாசனை மூலக்கூறு உள்ள பொருள்கள்தான் ஜோடி சேரும்' என்று ஒரு தியரி உண்டு. 2011-ல் வந்த ஓர் ஆய்வு, மேற்கத்திய சமையலில் இது ஓரளவு பொருந்துவதாகச் சொன்னது. ஆனால் 2015-ல் ஜோத்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் சுமார் 2,500 இந்திய ரெசிப்பிகளை அலசியபோது நேர்மாறாக இருந்தது. நம் சமையல், வாசனையில் ஒத்துப்போகாத பொருள்களைத்தான் அதிகம் சேர்க்கிறது. அதற்கு முக்கியக் காரணம் மசாலாப் பொருள்கள். ஆகவே வெளிநாட்டு 'பேரிங் சார்ட்' பார்த்து மனம் தளர வேண்டாம்.

அத்தை சொன்னால் போதாது

சொந்தக்காரர்கள் 'சூப்பரா இருக்கு'ன்னுதான் சொல்வாங்க. தெரியாத இருபது, முப்பது பேரிடம் கொடுங்கள். கப்பில் பெயர் வேண்டாம், 417, 283 மாதிரி மூன்று இலக்க எண் போதும். ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெறும் தண்ணீர் கொடுங்கள். என்ன சொன்னார்கள் என்பதைவிட, கப்பில் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று பாருங்கள். பழமோ பன்னீரோ வாங்கும் இடத்தை மாற்றினால் மூன்று கப் வையுங்கள். இரண்டு ஒன்று, மூன்றாவது வேறு. பெரும்பாலானோர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், உங்கள் வாடிக்கையாளரும் கண்டுபிடிப்பார்.

லேபிளில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். அப்படியே குடிக்கும் பழ பானத்தில் குறைந்தது 10 சதவிகிதம் பழச்சாறு இருக்க வேண்டும் என்கிறது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ விதி. எலுமிச்சைக்கு 5 போதும்.

கடைசியாக, பழம் வருஷம் முழுக்கக் கிடைக்குமா? 1970-களில் முடிக்கொத்து நோய் தாக்கி, கீழ்ப்பழநி மலையின் விருப்பாச்சித் தோட்டங்கள் பெருமளவு அழிந்துபோயின. ஒரே பழத்தை நம்பி பிராண்ட் பெயரையும் அதன் பெயரிலேயே வைப்பதற்குமுன், சீஸனில் கூழாக்கிச் சேமிக்க இடமிருக்கிறதா, சிறுமலை வாழையை வைத்து அதே ருசி வருகிறதா என்று அந்த மூன்று கப் டெஸ்ட்டை ஒருமுறை செய்துவிடுங்கள்.