கிண்ணத்தில் தெரியும் நிறம்

1907இல் பாரிஸில் யூஜின் ஷுயெல்லர் தயாரித்த செயற்கைத் தலைச்சாயம் சலூன்காரர்களுக்கு விற்றது. நிரந்தரச் சாயத்தில் பெராக்சைடு பட்டு, முடிக்குள்தான் நிறம் பிறக்கிறது. கிண்ணத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

1977இல் நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் பிளேஸில் டிஷ், ஸ்னூக்கி பெல்லோமோ சகோதரிகள் ‘மேனிக் பேனிக்’ என்ற பங்க் கடையைத் திறந்தார்கள். அந்தப் பெயரில் பிரபலமான அரைநிரந்தரச் சாயம் வேறு ரகம். நிறம் முன்பே தயார். முடியின் மேலடுக்கில் தங்கி, கழுவக் கழுவப் போய்விடும். அதனால் பெயின்ட் மாதிரி வீட்டிலேயே கலக்கலாம். வெள்ளை கண்டிஷனர் சேர்த்தால் வெளிறும்.

நானும் கலந்தேன். பிளீச் செய்த முடியின் மஞ்சளை மறந்து நீலம் பூசி, பச்சைத் தலையோடு ஆபீஸ் போனேன். துளி ஊதா சேர்த்திருந்தால் மஞ்சள் அடங்கியிருக்கும். பரவாயில்லை, அடுத்த கிண்ணத்துக்குள் இது கழுவிப் போயிடும். தப்பு பண்ண அனுமதி தந்ததுதான் இந்தச் சாயத்தோட வரலாறு.