போனஸ்: தயவிலிருந்து உரிமை வரை

1917-இல் அகமதாபாத்தில் பிளேக் பரவியபோது ஆலைத் தொழிலாளர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். தறிகள் நின்றுவிடக் கூடாதென்று முதலாளிகள் நெசவாளர்களுக்குப் ‘பிளேக் போனஸ்’ கொடுத்தார்கள். சில இடங்களில் அது கூலியில் 70, 80 விழுக்காடு வரை போனது. உயிருக்கு அஞ்சியவர்களையும் அந்தப் பணம் தறியில் நிறுத்தியது. வெகுமதியின் வலிமைக்கு இந்தியத் தொழில் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்றைக் காண்பது அரிது. அதன் எல்லையும் அடுத்த சில மாதங்களிலேயே வெளிப்பட்டது.

நோய் தணிந்ததும் போனஸை நிறுத்த முதலாளிகள் முடிவெடுத்தார்கள். போர்க்கால விலைவாசியோ இறங்கவில்லை. கூலியில் 20 விழுக்காடு உயர்வு தருவதாக முதலாளிகள் சொல்ல, இரு தரப்புக் கணக்கையும் ஆராய்ந்த காந்தி 35 விழுக்காடு கேட்கச் சொன்னார். முதலாளிகளுக்குத் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த சகோதரி அனசூயா. 1918 பிப்ரவரி 22 அன்று கதவடைப்பு தொடங்கியது. சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தினமும் கூட்டம் நடந்தது. நாளாக ஆக வீடுகளில் அரிசி பருப்பு தீர்ந்தது. காரில் வந்து போகிறவர்களுக்கு, வயிறாரச் சாப்பிடுகிறவர்களுக்கு, எங்கள் பட்டினி எப்படித் தெரியும் என்ற முணுமுணுப்பு எழுந்ததை காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாய் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பேச்சு காதில் விழுந்த பிறகே, மார்ச் 15 அன்று காந்தி உண்ணாவிரதம் இருந்தார். கலையவிருந்த கூட்டம் மீண்டும் ஒன்றுசேர்ந்தது. மூன்றே நாளில் உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் நடுவர் ஆனந்தசங்கர் துருவா 35 விழுக்காட்டையே தீர்ப்பாக வழங்கினார். தமது உண்ணாவிரதம் முதலாளிகளை நெருக்கிவிட்டதைக் காந்தி ஒரு குறையாகவே கருதினார். அதையும் சேர்த்தே இந்த வெற்றியை மதிப்பிட வேண்டும். ஆனாலும் தொழிலாளர்களின் உறுதியை மீட்டது வரப்போகும் பணம் அல்ல, தங்கள் பட்டினியில் தலைவரும் பங்கெடுத்தார் என்பதே என்று நான் கருதுகிறேன்.

அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் பி. அண்ட் சி. ஆலைத் தொழிலாளர்கள் பின்னர் சங்கத் தலைவரான பி.பி. வாடியாவிடம் கொண்டுவந்த குறைகளில் கூலிப் பிரச்சினையும் உண்டு. ஆனால் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேலதிகாரிகள் கேவலமாக நடத்துகிறார்கள் என்ற குமுறல் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

இதற்குப் பிறகு போனஸின் கதை நீதிமன்றங்களுக்கு நகர்கிறது. சில ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்துவந்த போனஸைப் பம்பாய் ஆலைகள் 1923-க்குத் தர மறுத்தன. 1924 தொடக்கத்தில் ஒன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நீதிபதி நார்மன் மெக்லவுட் தலைமையிலான குழு, போனஸைக் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளர்களுக்கு இல்லை என்றது. அந்த நிலை மாற கால் நூற்றாண்டு ஆயிற்று. தேய்மானம், புனரமைப்பு, வரி, முதலுக்கு 6 விழுக்காடு ஆகியவை போக மிஞ்சும் லாபத்தில் தொழிலாளருக்கும் பங்குண்டு என்று 1950-இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வகுத்தது. 1965-இல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் முதலில் 4 விழுக்காடு; பின்னர் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம். உச்சவரம்பு 20 விழுக்காடு. நஷ்டத்தில் ஓடும் நிறுவனமும் குறைந்தபட்சத் தொகையைத் தந்தாக வேண்டும்.

உரிமையாக மாறியபின் போனஸ் மனத்தில் செய்யும் வேலையும் மாறியது. சம்பளம் போன்றவை குறைந்தால் மனக்கசப்பு வரும், நிறைந்தாலோ ஊக்கம் தானாக வளர்ந்துவிடாது என்று 1959-இல் உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் எழுதியது இங்கே பொருந்துகிறது. ரயில்வேயில் 1979-இல் வந்த உற்பத்தித்திறன் சார்ந்த போனஸையே பார்க்கலாம். பெயரில் உற்பத்தித்திறன் இருந்தாலும், பல ஆண்டுகளாகத் தொடர்ந்து அறிவிக்கப்படுவது 78 நாள் சம்பளம். கொரோனாவால் பயணிகள் ரயில்கள் முடங்கிய 2020-21ஆம் ஆண்டுக்கும் அதே 78 நாள்தான். ஊழியர்கள் தசராச் செலவுக்கு அதை நம்பியிருக்கிறார்கள், அது அவர்களுக்குச் சேர வேண்டிய பணம். உழைப்பைக் கூட்டும் தூண்டுகோலாக மட்டும் அதைக் கணக்கில் எழுத முடியாது.