'ஸ்கி' வந்த கதை

மேடம் க்யூரி என்று பள்ளியில் நாம் படித்த விஞ்ஞானியின் பிறந்த வீட்டுப் பெயர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா. அவர் தகப்பனாரோ ஸ்க்லொடோவ்ஸ்கி. அச்சுப்பிழை அல்ல. போலிஷ் மொழியில் 'ஸ்கி' என்பது 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள் தரும் விகுதி. பெண்பாலில் அது 'ஸ்கா' ஆகிவிடும்.

முதலில் இதை வைத்துக் கொண்டவர்கள் நிலப்பிரபுக்கள்தான். டார்னூவ் என்ற ஊருக்கு உடையவர்கள் டார்னோவ்ஸ்கி ஆனார்கள். குடியானவர்களுக்கு நெடுங்காலம் நிலையான குடும்பப் பெயரே கிடையாது.

1563ல் நிறைவுற்ற ட்ரெண்ட் மகாசபை, ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் ஒவ்வொரு பங்குப் பாதிரியாரும் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும் என்று விதித்தது. போலந்துப் பாதிரிமார்கள் இதை லத்தீனில் எழுதினார்கள். பிரபுவின் பெயருக்கு முன்னால் 'ஜெனெரோசுஸ்' (உயர்குலத்தவர்) என்ற அடைமொழி. குடியானவனுக்கு 'லபோரியோசுஸ்', அதாவது உழைப்பாளி. அந்தஸ்தை மறக்காமல் எழுதினார்களே தவிர, பெயரில் அத்தனை கண்டிப்பு இல்லை!

ஒரு கொல்லனை எடுத்துக் கொள்வோம. போலிஷில் கொல்லன் 'கோவால்'. பாதிரியார் அதையே லத்தீனாக்கி 'ஃபாபெர்' என்றும் எழுதலாம். அவன் மகன் 'கோவால்சிக்', அதாவது சின்னக் கொல்லன். பேரன் காலத்தில் அது 'கோவால்ஸ்கி' ஆகியிருக்கும். ஆகவே 'ஸ்கி' என்று முடிந்தாலே பிரபு வம்சம் என்று எண்ணுவது சரியல்ல. வேறு வீட்டு நிலத்துக்கு மாப்பிள்ளையாகப் போனவனுக்குச் சில சமயம் அந்த வீட்டுப் பெயரே ஒட்டிக் கொண்டது. ஊருக்குப் புதிதாய் வந்தவன் 'நோவாக்'. அவன் மனைவி 'நோவாகோவா', மணமாகாத மகள் 'நோவாகூவ்னா'. மூன்றும் ஒரே குடும்பம்தான்.

1808ல் வார்ஸா டச்சியில் நெப்போலியனின் சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதிவுகள் போலிஷ் மொழிக்கு மாறின. பெயர்களும் பெரும்பாலும் உறைந்து நின்றன. பின்னர் அப்பகுதியின் பெரும்பாகம் ருஷ்ய ஆட்சிக்குள் வந்தது. 1868லிருந்து அங்கே பதிவுகளை ருஷ்ய மொழியில், ருஷ்ய எழுத்தில் எழுத வேண்டியதாயிற்று. ஆக, ஒரே குடும்பத்தைத் தேட மூன்று மொழிகள் தேவை.

இன்று மூதாதையரைத் தேடுவோர் குடும்பப் பெயரை மட்டும் நம்பினால் இரண்டு தலைமுறைக்கு மேல் போவதே கஷ்டம். கிராமம், தாயாரின் பெயர், ஞானத் தகப்பனார் யார் என்பதையெல்லாம் ஒப்பிட்டுத்தான் இவன் அவனே என்று தீர்மானிக்க வேண்டும். சில பாதிரிமார்கள் மட்டும் இரண்டு பெயர்களையும் எழுதி நடுவில் 'வெல்' என்று போட்டிருப்பார்கள். லத்தீனில் அதற்கு 'அல்லது' என்று பொருள். அந்த மூன்றெழுத்து கண்ணில் பட்டால் தேடுபவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.